கம்பளிக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

அத்தியாயம் பதினான்கு

பிரிட்ஜ் குற்றவாளி இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அது உறுதியாகிவிட்டது. தம்பி ஸ்டீபனின் பிரிட்ஜுக்குள், பாறை மீன் பார்சலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த புதுக் கரைசலைச் சுகந்தி வெளியே எடுத்தாள். சின்னக் குழாய் ஒன்றில் விட்டாள். தன் டி.என்.ஏ. துண்டைச் சேர்த்தாள். தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீல டோர்ச்சை அடித்துப் பார்த்தாள்.

இருட்டு.

பச்சையாக மின்ன வேண்டிய குழாய், அடை மழையில் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளின் பின்பக்கம் மாதிரி மங்கிக் கிடந்தது.

முந்தாநாள் பைப் தண்ணீர் விடுதலையானது. நேற்று பிரிட்ஜின் ஐஸ். இப்போது பிரிட்ஜே. இனிச் சந்தேகப்பட இந்த வீட்டில் ஆளே இல்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, இந்தக் கிரிகல் ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பிறந்தவள் சுகந்தி. இப்போது கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் விரிவுரையாளர். ஆறு வருஷமாக அவளைத் தூங்கவிடாதது ஒரே ஒரு கேள்வி. டி.என்.ஏ. என்றால் அம்மாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் பிள்ளைக்கு வந்து சேரக் காரணமான சமாச்சாரம் என்றுதான் ஊருக்குத் தெரியும். அது சும்மா தகவலைச் சுமந்துகொண்டு இருக்குமா, இல்லை இறங்கி வேலையும் செய்யுமா? ரப்பர் பால் வெட்டுகிற கத்தி ஒரு மரத்தை வெட்டிவிட்டு, அப்படியே அடுத்த மரத்துக்குப் போகிற மாதிரி, ஒரு டி.என்.ஏ. துண்டு இன்னொரு துண்டை வெட்டிவிட்டு, தனக்கு ஒன்றும் ஆகாமல் அடுத்ததற்குப் போகுமா? அப்படி வேலை செய்கிற பொருளுக்கு ஊக்கி என்று பெயர்.

சுகந்தியின் துண்டு வெட்டியது. வெட்டியபோதெல்லாம் குழாய் பச்சையாக மின்னியது. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. ஸ்டீபன் தன் ஆட்டோவின் பின்பக்கம் 'எங்க அக்கா டாக்டர் சுகந்தி' என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினான்.

அதற்குப் பிறகுதான் நோர்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் பேசினார். நீங்கள் எழுதியபடியே செய்து பார்த்தோம், வெட்டவில்லை என்றார்.

சுகந்தி புதிதாகக் கரைசல் கலக்கிச் செய்து பார்த்தாள். அவளுக்கும் வெட்டவில்லை.

வெட்டியதெல்லாம் ஒரே ஒரு போத்தல் கரைசலில். கட்டுரைக்கு முன்னால் ஒரு தடவை, பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் வந்து ஆய்வுகூடத்தைப் பூட்டியபோது, கெட்டுப்போகாமல் இருக்க ஐஸ் பெட்டியில் வைத்து இந்த வீட்டுக்கு இரண்டு போத்தல்களைத் தூக்கி வந்தாள். நீல மூடி அவளுடையது. சிவப்பு மூடி அவளுடைய ஆய்வு மாணவி ஜுமானாவுடையது. ஜுமானாவின் வேலை வேறொரு டி.என்.ஏ. துண்டில். அதில் எந்தக் குறையும் வரவில்லை. சுகந்தியின் வேலையோ, இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்தது. இங்கிருந்து திரும்பியதும் உயிர் வந்தது. அந்தப் போத்தல் தீர்ந்ததும் உயிர் போனது.

இந்த வீட்டில் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது.

அதைத் தேடித்தான் வியாழக்கிழமை, அதே ஐஸ் பெட்டியோடு, யாருக்கும் சொல்லாமல் வந்து இறங்கினாள். இன்று மாலை நோர்வேக்காரர் வீடியோவில் வருவார். அதற்குள் காரணம் சொல்ல முடியாவிட்டால் கட்டுரையைத் தானே வாபஸ் வாங்கிக்கொள்வதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாபஸ் வாங்கினால் ஆறு வருஷமும் போச்சு. இனி அவள் எதைச் செய்தாலும், "அந்த டி.என்.ஏ.காரியா?" என்று ஒரு சிரிப்பு முன்னால் போய் நிற்கும்.

"யாருடா அது கம்பளிக்குள்ள? ஸ்டீபனா?"

கம்பளி விலகியது.

கேகாலையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த அம்மா பிலோமினம்மா, முதல் பஸ்ஸில் திரும்பி, கையில் பையோடு வாசலில் நின்றார்.

"நீயா? எப்ப வந்த? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா. வேலை பாக்குறேன்."

"கம்பளிக்குள்ளயா? இதுக்கா யூனிவர்சிட்டில சம்பளம் குடுக்குறாங்க?"

பிலோமினம்மா முப்பது வருஷம் பால் வெட்டியவர். ஒரு மரத்தின் பட்டையைப் பார்க்கிற மாதிரி மகளின் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். வேறெதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் வைத்தார். தேங்காய் ரொட்டியும் கட்டாசம்பலும் பிளேன்டீயும் வந்த பிறகுதான் கேட்டார்.

"இப்ப சொல்லு. யாரு என்ன சொன்னா?"

சுகந்தி சொன்னாள். அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று இத்தனை நாள் போனில் மறைத்ததை, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடாமலே சொல்லி முடித்தாள்.

"அதே மருந்துதானே? அதே கைதானே?"

"அதேதான்மா. எல்லாம் அதேதான். ஆனா வேலை செய்யல."

பிலோமினம்மா டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"அப்ப இந்தத் தடவ தீர்த்தம் ஊத்தலல்ல."

"என்னத்த?"

"தீர்த்தத்த. போன தடவ நான்தானே ஊத்துனேன்."

சுகந்தியின் கையிலிருந்த ரொட்டி சம்பலுக்குள் விழுந்தது.

"எதுல ஊத்துனீங்க?"

"உன் போத்தல்லதான். பிரிட்ஜுல வச்சிருந்தியே, நீல மூடி. ரெண்டு வருஷமா ஒன்னும் நடக்கலன்னு இதே எடத்துல உக்காந்து அழுத. நீ கடைக்குப் போனப்ப, அந்தோனியார நெனச்சு ஒரு மூடி ஊத்தி மூடி வச்சேன்."

"அம்மா, அது ஆய்வுகூடத்துப் போத்தல். அதுல ஒரு தூசிகூட விழக் கூடாது."

"நான் என்ன மண்ணெண்ணெயா ஊத்துனேன்? ஃபாதர் மந்திரிச்ச கோயில் தீர்த்தம்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்ன்னு சொல்லியிருப்ப." பிலோமினம்மா அசையவில்லை. "ஊத்துனதுக்கு அப்புறம்தானே வேலை செஞ்சிச்சு? பேப்பர்ல வந்துச்சா இல்லையா?"

சுகந்தி விழுந்த ரொட்டியைச் சம்பலிலிருந்து எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

நோர்வேக்காரரின் சந்தேகமே இதுதான். உங்கள் கரைசலில் ஏதோ கிருமி நுழைந்திருக்கிறது, வெட்டியது உங்கள் டி.என்.ஏ. இல்லை, அந்தக் கிருமியின் புரதம் என்று அவர் நாசூக்காகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் வடிகட்டித்தானே எடுக்கிறேன் என்று சுகந்தி ரோஷமாகப் பதில் சொன்னாள். வடியில் கிருமி நிற்கும். கிருமி கக்கிய புரதம் நிற்காது. கோயில் வாசலில் ஊரெல்லாம் விரல் தொடும் தண்ணீர். அதில் என்னதான் இருக்காது?

"அந்தத் தீர்த்தம் இப்ப இருக்காம்மா?"

"அது இல்லாமலா? மேரி மாதாகிட்ட இருக்கு."

சுவரோரப் பலகையில், மாதா படத்துக்கு முன்னால், ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருந்தது. சுகந்தி அதில் கொஞ்சம் உறிஞ்சி, வடிகட்டி, குழாயில் ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். மீண்டும் கம்பளி. மீண்டும் நீல டோர்ச்.

"தீர்த்தத்தப் போய்க் கம்பளிக்குள்ள வச்சு செக் பண்றியா நீ?" வெளியே அம்மாவின் குரல் கறாராகக் கேட்டது. "என்னா சொல்லுது?"

இருட்டு.

சுகந்தி கம்பளியை உருவி எறிந்தாள். "வேலை செய்யல."

பிலோமினம்மாவின் முகம் மாறியது. கோபமில்லை. அடிபட்ட மாதிரி. மகள் தோற்றதைவிட, தான் நம்பிக் கொடுத்தது தோற்றதுதான் அவருக்கு வலித்தது போலிருந்தது.

"நீ சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொருக்காப் பாரு."

அந்த நேரத்தில்தான் முற்றத்தில் ஆட்டோ வந்து நின்றது. டீ குடிக்க ஸ்டாண்டிலிருந்து வந்த ஸ்டீபன், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றான். ஆட்டோ ஓட்டுவது அவன் தொழில். கோயில் கமிட்டிக்குச் செயலாளராக இருப்பது அவன் பெருமை.

"என்னா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ரெண்டு பார்ட்டி மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அம்மா முறையிட்டார். அக்கா திருத்தினாள். ஸ்டீபன் ஒரு ரொட்டியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது வேற தண்ணிம்மா."

"வேறயா? நம்ம கோயில் தீர்த்தம்தான்டா."

"கோயில் அதேதான். ஈஸ்டருக்குப் பிளாஸ்டிக் பீப்பா வாங்கிப் போட்டோம்ல? குழாயெல்லாம் வச்சது. அக்காவுக்கு ஊத்துனது அதுக்கு முந்தி. அப்ப அந்தப் பழைய வாளி."

"எந்த வாளி?" என்றாள் சுகந்தி.

"கல்வனைஸ் வாளிக்கா. நம்ம சின்ன வயசுல இருந்து கெடந்துச்சே. அடியெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போய், பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அதான் கமிட்டில முடிவு பண்ணி…"

சுகந்தி எழுந்துவிட்டாள்.

"அம்மா, தீர்த்தம் மந்திரிக்கிறப்ப ஃபாதர் உப்புப் போடுவாரா?"

"நம்ம ஃபாதர் உப்பு இல்லாம மந்திரிக்கவே மாட்டாரு. கைநிறைய அள்ளிப் போடுவாரு. ஏன்?"

சுகந்தி வாசலைத் தாண்டி ஓடினாள். லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்துக் கல். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கொழும்புக்கு அடித்தாள்.

"ஜுமானா, லேப்ல இருக்கியா?"

"இருக்கேன் மிஸ். செவ்வாக்கிழம வைவா பரீட்சை. வேற எங்க போக?"

"சிங்க் குளோரைட் எடு. புதுக் கரைசல்ல கொஞ்சமே கொஞ்சமா விட்டு, என் துண்டப் போட்டுப் பாரு. இன்னொரு குழாய்ல சிங்க் இல்லாம. மற்றதெல்லாம் ஒரே மாதிரி."

அந்தப் பக்கம் போத்தல்கள் உரசுகிற சத்தம் கேட்டது.

"மிஸ், நம்ம கட்டுரைல மக்னீசியம் போதும்ன்னுதானே எழுதினோம்?"

"தப்பா எழுதிட்டோம்ன்னு நினைக்கிறேன்."

"உங்க துண்டு கல்யாணப் பொண்ணு மாதிரி மிஸ். அது வேணும், இது வேணும். என் துண்ட பாருங்க. ஒரு உலோகமும் கேக்காம தன் பாட்டுல வெட்டுது." ஜுமானா சிரித்தாள். "இருங்க, செஞ்சிட்டு எடுக்கேன்."

சுகந்தி கல்லை விட்டு இறங்கியபோது ஸ்டீபனும் அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள்.

"கல்வனைஸ் வாளின்னா இரும்புக்கு மேல சிங்க், அதான் துத்தநாகம், பூசினது," என்றாள் மூச்சு வாங்க. "உப்புத் தண்ணி வருஷக்கணக்கா நின்னா அந்த சிங்க் கரையும். கரைஞ்ச சிங்க் எந்த வடியிலயும் நிக்காது. நீங்க ஊத்துன ஒரு மூடில அது இருந்திருக்கணும்மா. பிளாஸ்டிக் பீப்பாவுல அது கெடையாது."

"அப்ப வெட்டுனது சிங்கா?" என்றான் ஸ்டீபன்.

"சிங்க் மட்டும் இருந்தா ஒன்னும் வெட்டாது. கத்தி டி.என்.ஏ.தான். அதப் பிடிக்கிற கை சிங்க். கை இல்லாமக் கத்தி எப்பிடி வெட்டும்? நான் இத்தனை நாளும் கத்திய மட்டும் மேசைமேல வச்சுட்டு, ஏன் வெட்டலன்னு பாத்துட்டு இருந்திருக்கேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதெல்லாம் ஊகம். அந்த வாளி வேணும். எங்க இருக்கு?"

ஸ்டீபன் ஆட்டோவைப் பார்த்தான். பிறகு மழை மேகத்தைப் பார்த்தான்.

"அத… பொதைச்சாச்சு."

"பொதைச்சியா?"

"மந்திரிச்ச பொருளப் பழைய இரும்புக்குப் போட முடியுமா?" என்றார் பிலோமினம்மா. "ஒன்னு எரிக்கணும், இல்ல பொதைக்கணும். கோயிலுக்குப் பின்னால குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லி நான்தான் இவன்கிட்டக் குடுத்தேன். மம்முட்டிய எடு."

கோயிலுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்குக் கீழே, தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் ஓர் இடத்தில் வெட்டினான். வேர் வந்தது. தள்ளி வெட்டினான். கல் வந்தது. அம்மா தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை செய்தார்.

"எந்த எடம்ன்னு ஞாபகம் இல்லையாடா?"

"இங்கதான்மா. மழைக்கு மண்ணு எறங்கியிருக்கும்."

"வாளியுமா எறங்கும்?"

மூன்றாவது குழியில் ஒரு பழைய செருப்பு வந்தது. சுகந்தி குழியைப் பார்க்கவில்லை. கோயில் படியோரம் நிறுத்தியிருந்த ஆட்டோவைப் பார்த்தாள். அடுத்தவர்களுடைய ஆட்டோவெல்லாம் சேறு அப்பிக் கிடக்கிற மாதத்தில், இது மட்டும் கல்யாண வண்டி மாதிரி பளபளத்தது.

"தம்பி."

"என்னக்கா?"

"ஆட்டோவ எதுல தண்ணி புடிச்சுக் கழுவுற?"

மம்முட்டி பாதியில் நின்றது.

பிலோமினம்மா மெதுவாகத் திரும்பினார். "ஸ்டீபன்."

"அம்மா, கேளுங்க…"

"டேய்."

"நல்ல வாளிம்மா. ஓட்டைகூட இல்ல. அதப் போய்ப் பொதைக்க மனசு வரல." அவன் மம்முட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். "மந்திரிச்ச வாளில கழுவுனதுல இருந்து வண்டி ஒருக்காவும் பஞ்சர் ஆகலம்மா. பொலிஸும் புடிக்கல. நீங்களே சொல்லுங்க."

"நீ நாளைக்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. ஃபாதர் என்னா தண்டன குடுக்குறாரோ, அதுக்கு மேல நான் குடுப்பேன்."

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டான். "போறேன்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமையிலிருந்து முதல் தடவையாக.

வாளி லயத்துக்குப் பின்னால், மழைத் தண்ணீர் விழும் இடத்தில், ஷாம்பு நுரையோடு கவிழ்ந்து கிடந்தது. அடியில் வெள்ளைப் பூப்பு அப்படியே கெட்டியாக ஒட்டியிருந்தது. ஸ்டீபன் தேய்த்துக் கழுவுகிற ஜாதி இல்லை என்பது இன்றைக்கு உதவியது. சுகந்தி வாளியை நான்கைந்து தடவை அலசினாள். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கி, பாதியை வாளிக்குள் ஊற்றினாள். மீதியைப் பிளாஸ்டிக் கோப்பையில் வைத்தாள்.

"கோப்பை எதுக்கு?" என்றார் அம்மா.

"தண்ணிக்கும் உப்புக்கும் இதுல பங்கு இருக்கான்னு பாக்க. ரெண்டுலயும் ஒரே தண்ணி, ஒரே உப்பு. ஒன்னுல மட்டும்தான் வாளி."

பிலோமினம்மா தலையாட்டினார். "நியாயம்தான்."

கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இரண்டையும் தனித்தனியாக வடிகட்டினாள். இரண்டு குழாய். இரண்டிலும் அதே டி.என்.ஏ. ஒன்றில் வாளித் தண்ணீர் ஒரு சொட்டு, மற்றதில் கோப்பைத் தண்ணீர் ஒரு சொட்டு.

பிறகு காத்திருப்பது. அதுதான் கஷ்டம். ஸ்டீபன் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா பயணப் பையைக்கூடப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் சிங்கள டெலி நாடகத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"இப்ப பாக்கலாமாக்கா?"

"இரு."

"இப்ப?"

"ஸ்டீபன், நீ வாய வச்சிட்டுச் சும்மா இருந்தாத்தான் அது வெட்டும்," என்றார் அம்மா.

கடைசியில் சுகந்தி குழாய்களை எடுத்தாள். கம்பளியை இழுத்தாள். போர்த்திக்கொள்ளப் போனவள் நின்று, ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"வாங்க."

ஒரு கம்பளிக்குள் மூன்று தலைகள் புகுந்தன. ஈரக் கம்பளி வாடையும் கட்டாசம்பல் வாடையும். ஸ்டீபனின் முழங்கை யாருடைய விலாவிலோ இடித்தது. சுகந்தி நீல டோர்ச்சை அழுத்தினாள்.

கோப்பைக் குழாய் இருட்டு.

வாளிக் குழாய் பச்சை.

சின்னதாக, இளசாக, மழைக்குப் பிறகு துளிர்க்கிற ரப்பர் இலை மாதிரி ஒரு பச்சை. பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே வந்தது. அம்மாவின் மூக்குத்தியில் பட்டது. ஸ்டீபனின் திறந்த வாயில் பட்டது.



பிலோமினம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்டீபன்தான் முதலில் மூச்சு விட்டான்.

"அக்கா, இவ்வளவு சின்னதுக்கா உனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையாலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா கம்பளியை விலக்காமல், இருட்டிலேயே மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே, கல்மேல் பொலித்தீன் பையில் வைத்துவிட்டு வந்திருந்த போனில் ஜுமானாவின் அழைப்பு. மூன்று பேருமே கல்லை நோக்கி ஓடினார்கள்.

"மிஸ், பச்சை." ஜுமானாவின் குரல் கீச்சென்று வந்தது. "சிங்க் போட்ட குழாய் விளக்கு மாதிரி எரியுது. சிங்க் இல்லாதது கட்ட இருட்டு. வெறும் மக்னீசியமும் இருட்டு. டி.என்.ஏ. இல்லாம சிங்க் மட்டும் போட்டதும் இருட்டு. கிருமியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வெட்டுறது உங்க துண்டுதான்."

"இன்னொரு தடவை சொல்லு."

"வெட்டுறது உங்க துண்டுதான் மிஸ்."

மாலையில் மழை வலுத்தது. கல்லின்மேல் நின்று வீடியோ பேச முடியாது. ஸ்டீபன் ஆட்டோவை மேல் வளைவுக்கு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பக்கமும் தார்ப்பாய்ப் படங்கை இறக்கிவிட்டான். பின் சீட்டில் சுகந்தி. பக்கத்தில், வரவே வேண்டாம் என்று சொல்லியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்த அம்மா. நடுவில் வாளி.

நோர்வேப் பேராசிரியர் திரையில் வந்தார். வெள்ளைத் தாடி. வருத்தமான கண்கள். கெட்ட செய்தி கேட்கத் தயாராக வந்தவரின் குரல்.

சுகந்தி ஆங்கிலத்தில் ஒரே மூச்சாகச் சொன்னாள். மக்னீசியம் இல்லை, சிங்க். நான் கலக்காத சிங்க் என் போத்தலில் இருந்தது. உங்கள் போத்தலில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு வெட்டவில்லை. ஜுமானா அனுப்பிய படங்களைக் காட்டினாள்.

அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார். "நீங்கள் கலக்காத சிங்க் உங்கள் போத்தலுக்குள் எப்படிப் போனது?"

இதற்கு ஒரு கௌரவமான பதிலை அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பாத்திரத்திலிருந்து வந்த மாசு. அது பொய்யும் இல்லை. பக்கத்தில் அம்மா, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என் அம்மா ஊற்றினார்," என்றாள் சுகந்தி. வாளியைத் தூக்கித் திரையில் காட்டி, முழுக் கதையையும் சொன்னாள்.

தாடிக்குள் ஒரு சிரிப்பு மெதுவாகக் கிளம்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குப் போனது.

"வாபஸ் வேண்டாம்," என்றார் அவர். "திருத்தம் போடுங்கள். சிங்க் என்று போடுங்கள், எப்படி வந்தது என்றும் போடுங்கள். எங்களிடம் இந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. இப்போதே செய்து பார்க்கச் சொல்கிறேன். லைனை வெட்டிவிட்டுக் காத்திருங்கள்."

காத்திருந்தார்கள். படங்கில் மழை தட்டியது. ஸ்டீபன் கடையில் வாங்கி வந்த சூடான கடலையை மூன்று பேரும் பங்கு போட்டார்கள். கடலை முடியும் முன்பே போன் அதிர்ந்தது. ஒரு படம். வார்த்தை எதுவும் இல்லை. நோர்வேயில் ஏதோ ஒரு மேசைமேல் ஒரு சின்னக் குழாய்.

பச்சை.

"இப்ப நம்புறியா?" என்றார் பிலோமினம்மா.

"சிங்க் இருந்ததுன்னு நம்புறேன்மா."

"அந்த சிங்க உன் போத்தல்ல கொண்டு போய்ப் போடச் சொன்னது யாரு?"

இன்றைக்கு இந்த வாதத்தில் ஜெயிக்கச் சுகந்திக்கு ஆசையே இல்லை. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். முன்னால் ஸ்டீபன், திருத்தம் வந்ததும் ஸ்டிக்கரையும் திருத்த வேண்டும், வாளி படமும் சேர்த்து அடிக்கலாம் என்று யாரும் கேட்காமலே திட்டம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆனா அம்மா, இனிமே என் போத்தல்ல எதையும் ஊத்தக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா ஊத்த மாட்டேன்." பிலோமினம்மா உடனே ஒப்புக்கொண்டார். "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. அந்தப் புள்ளைக்கும் செவ்வாக்கிழம நல்லபடியா முடியும், பாரு."

"எந்தப் புள்ளைக்கு?"

"உங்கிட்டப் படிக்கிற அந்த ஜுமானாவுக்குத்தான். பரீட்சை இருக்குன்னியே."

"அவளுக்கு என்னம்மா?"

"அவ போத்தலும் பக்கத்துலதானே இருந்துச்சு, செவப்பு மூடி. உன் போத்தலுக்கு ஊத்திட்டு அவ போத்தல விட்டா நல்லாவா இருக்கும்? முஸ்லிம் புள்ளைன்னு ஒதுக்க முடியுமா? அதுக்கும் ஒரு மூடி ஊத்துனேன்."

சுகந்தியின் தலை அம்மாவின் தோளிலிருந்து மெல்ல எழும்பியது. காலையில் ஜுமானா தன் துண்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் திரும்பக் கேட்டது.

ஒரு உலோகமும் கேக்காம தன் பாட்டுல வெட்டுது.

மடியில் போன் அடித்தது. திரையில் ஜுமானாவின் பெயர்.